காதர் அண்ணன் பரிமாறிய பிரண்டை

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். பணி ஓய்வு பெறுகிறவர் பேசுவார் என்று சொல்லி உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நரைத்த தலையை எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு இன்னும் முப்பதே முடியவில்லை. ஆனால் திட்டப்பணி ஆய்வாளனுக்குத் திட்டம் முடிகிற நாள்தான் ஓய்வு பெறும் நாள். சால்வை கிடையாது, மோதிரம் கிடையாது, மேசைச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஓய்வு பெற்ற பெரியவர் போலக் கொஞ்ச நேரம் பேசிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆய்வகத்தின் வேலை உங்களுக்குத் தெரியும். வேலியில் படர்ந்து கிடக்கிற பிரண்டையைக் கொண்டுவந்து, காயவைத்து, பொடித்து, அதிலிருந்து ஒரு பச்சைச் சாறு எடுக்கிறோம். வளரும் வயதில் அது எலும்புக்கு ஏதாவது நன்மை செய்கிறதா என்று பார்க்கிறோம். 'ஏதாவது செய்கிறதா' என்பதுதான் கேள்வி. எங்கள் ஊருக்கு அது போகும்போது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது.

எனக்குப் பாபநாசம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா வரப்பு வெட்டப் போவார், அம்மா நடவுக்குப் போவார். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதற்கு மேலே நான் என்ன படிக்கிறேன் என்பதை அம்மாவே ஒரு வழியாக முடிவு செய்து, நடவு வயலில் அறிவித்துவிட்டார்: "எம்புள்ள ஆள ஒசரமாக்குற மருந்து கண்டுபுடிக்கிறான்."

அடுத்த முறை ஊருக்குப் போனபோது பக்கத்துத் தெரு மாமா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். போலீஸ் தேர்வில் உயரம் கொஞ்சம் குறைந்துவிட்டதாம்.

"மாப்ள, ஒரு வெரக்கடை போதும். அதுக்கு மேல வேணாம்."

பையனை நிமிர்ந்து பார்த்தேன். முகம் நிறையத் தாடி. வளரும் வயதில் எலும்பின் நுனிகளுக்குப் பக்கத்தில் மென்மையான ஒரு பகுதி இருக்கிறது, எலும்பு நீள்வது அங்கேதான், பருவம் முடிந்தால் அது மூடிக்கொள்ளும், பிறகு எந்தச் சாறும் ஆளை உயர்த்தாது என்று எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன்.

"தாடியெல்லாம் வந்துருச்சு மாமா. அது இந்நேரம் மூடியிருக்கும்."

மாமா யோசித்தார். "அப்ப தாடிய எடுத்துட்டா?"

சிரித்துவிட்டேன். ஆனால் திரும்பி வரும் பேருந்தில் சிரிப்பு வரவில்லை. ஊரே நம்புகிற ஒரு படிப்பை முடிக்காமல் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் படித்துவிட்டு வேலையில்லாமல் திரும்பியவர்களை யாரும் திட்டுவதில்லை. அவர்களைக் காட்டித் தங்கள் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். என் ஆய்வேடு முடியவேண்டும் என்பதில் எனக்கு இருந்த பயத்துக்கு அதுதான் காரணம்.

அந்த ஆய்வேடு ஒரே ஒரு எலித் தொகுதியில் தொங்கிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. பால்குடி மறந்த குட்டி எலிகளை இரண்டு அடுக்காகப் பிரித்திருந்தோம். வலது அடுக்குக்குப் பிரண்டைச் சாறு கலந்த மாவு உருண்டை. இடது அடுக்குக்கு அதே மாவு, அதே வெல்லம், ஆனால் சாறு இல்லாத வெறும் உருண்டை. வளர்ந்தபின் எக்ஸ்ரே எடுத்து இரண்டு அடுக்கையும் ஒப்பிடவேண்டும். எலிக்கு எந்தச் சேதாரமும் இல்லை, படம் எடுப்பதோடு சரி. வித்தியாசம் இருந்தால் திட்டம் நீளும், நான் ஆய்வேடு எழுதலாம். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள், நான் பாபநாசத்துக்குப் பேருந்து ஏறவேண்டியதுதான்.

எலி வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்போது வந்தவர் காதர் அண்ணன். அதிராம்பட்டினத்துக்காரர். சவூதியில் நெடுங்காலம் சமையல்காரராக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். ஊரில் கல்யாண விருந்து என்றால் பரிமாறும் பொறுப்பு அவருடையது. நேரம் தவறமாட்டார், கூண்டு பளபளக்கும், எலிகள் அவர் காலடிச் சத்தத்துக்கே முன்வரிசைக்கு வந்து நிற்கும். எலிகளுக்கு அவர் வைத்த பெயர்தான் கொஞ்சம் தொந்தரவு. வலது அடுக்கு மாப்பிள்ளை வீடு, இடது அடுக்கு பொண்ணு வீடு. இரண்டிலும் இருப்பது ஆண் எலிகள்தாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கல்யாணத்துல பொண்ணு வீட்டுலேருந்து ஆம்பளைங்க வரமாட்டாங்களா தம்பி?" என்றார்.

பெயரை அப்படியே விட்டுவிட்டேன்.

எக்ஸ்ரே படங்கள் குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் கைக்கு வந்தன. அளந்தேன். மறுபடி அளந்தேன். அளவுகோலை மாற்றி அளந்தேன். வலது அடுக்குக்கும் இடது அடுக்குக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. எலும்பின் நீளமும் அதே, அடர்த்தியும் அதே. பிரண்டை கொடுத்த எலியும் கொடுக்காத எலியும் ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி இருந்தன.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வித்தியாசம் வரவில்லை என்றால் முதலில் மனசு மருந்தைத் திட்டும், அப்புறம் தன்னைத் திட்டும். இரண்டையும் தள்ளிப் போட்டுவிட்டு, சாப்பாடு யார் வாய்க்குப் போனது என்று பார்க்கப் போங்கள். நான் ஏதோ புத்தி வந்து போகவில்லை. என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் எலி வீட்டுக்குப் போனேன்.

மத்தியான உருண்டை பரிமாறி முடித்திருந்தார் காதர் அண்ணன். இடது அடுக்கில் ஓர் எலி இரண்டு கையாலும் எதையோ பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கொறித்துக்கொண்டிருந்தது. அது பச்சை நிறத்தில் இருந்தது.

"காதரண்ணே, இது எப்படி இங்க வந்துச்சு?"

"எது தம்பி?"

"இந்தப் பச்ச உருண்ட. இவங்களுக்கு வெள்ளதானே?"

"வெள்ளையும் இருக்கு பாருங்க, அந்த மூலைல. பாதி வெள்ள, பாதி பச்ச." எட்டி வலது அடுக்கைக் காட்டினார். "அங்கயும் அதே கணக்குத்தான். ஒரு குந்துமணி கூடக் கொறையாது. கைப் பழக்கம்."

தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பலேருந்துண்ணே இப்படி?"

"மொத நாள்லேருந்துதான். நடுவுல ஆரம்பிச்சா மொத நாள் கெடைக்காதவன் மனசு என்னா நெனைக்கும்?"

"அண்ணே, அது எலி!"

"எலிக்கு மூக்கு இல்லையா தம்பி? மாப்பிள்ள வீட்டுக்கு வாசமா ஒண்ணு போவுது, பொண்ணு வீட்டுக்கு வெறும் மாவு. ஒரே ரூமுல எதிர எதிர ஒக்காந்திருக்குதுங்க. கம்பியப் புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கமே பாக்குது. எங்க ஊரு சஹன் சாப்பாடு பாத்திருக்கீங்கள்ல? ஒரே பெரிய தட்டு, சுத்தி ஒக்காந்து எல்லாரும் அதுலயே கைய வப்போம். நம்ம பக்கம் கறிய ஒதுக்கி வச்சிக்கிட்டு எதிர்ல இருக்கறவன் பக்கம் எலும்பத் தள்ளுனா, அவன் மனுசனா? மூணு பொம்பளப் புள்ளயப் பெத்தவன் தம்பி நானு. பொண்ணு வீட்டுக்காரங்கள கொறையா நடத்துறத என் கையால செய்ய முடியாது."

கோபம் வந்தது. ஆனால் என்னவென்று கத்துவது? எங்கள் தெருவிலும் ஒரே பந்தியில் ஆளுக்கு ஒரு விதமாகப் பரிமாறினால் பந்தி வஞ்சனை என்று பெயர். அப்படிச் செய்தவர் வீட்டு விசேஷத்துக்கு அடுத்த முறை யாரும் போகமாட்டார்கள். வளர்ந்த விதத்தில் அவரும் நானும் ஒன்றுதான். நான் மேலே படித்ததால் எலிகளிடம் வஞ்சனை செய்யக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வஞ்சனை இல்லாமல் உண்மை தெரியாது. ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்குக் கொடுக்காமல் பார்த்தால்தான் கொடுத்தது வேலை செய்ததா என்று சொல்லமுடியும். அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. 'வலதுக்குப் பச்சை, இடதுக்கு வெள்ளை' என்று சொன்னதோடு எங்கள் விளக்கம் முடிந்திருந்தது.

அப்போது சொன்னேன். அவர் முகம் மெதுவாக மாறியது.

"அப்ப, நான் கெடுத்துட்டேனா?"

"ஆமாண்ணே."

"ஒங்க படிப்பையா?"

கேட்டுவிட்டுக் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். தட்டு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மேடத்திடம் போனேன். நல்லவர், ஆனால் குழு வருகிற வாரத்தில் நல்லவராக இருக்க அவருக்கு நேரம் இருக்காது. கேட்டுவிட்டு ஒரு செம்பு தண்ணீரை முழுசாகக் குடித்தார். பிறகு படங்களை எடுத்துப் பார்த்தார்.

"இருப்பா. போன தொகுதி எலிகளவிட ரெண்டு அடுக்குமே நல்லா வந்திருக்கே. ரெண்டும் பிரண்டை சாப்பிட்டிருக்கு, ரெண்டும் நல்லா இருக்கு. அப்படிச் சொல்லலாம்ல?"

என் காலுக்குக் கீழே தரை திரும்ப வந்த மாதிரி இருந்தது. சொல்லலாம். குழு ஒத்துக்கொள்ளும். ஆய்வேடு பிழைக்கும். காதர் அண்ணனும் தப்பிப்பார். ஒரு நிமிடம் நான் 'சொல்லலாம் மேடம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"இந்தத் தடவ தீவனம் வேற கம்பெனி மேடம். நல்லா வந்ததுக்கு அதுகூடக் காரணமா இருக்கலாம்."

"அத ஏன்ப்பா இப்ப சொல்ற?"

"நீங்க கேட்டீங்களே மேடம்."

"நான் 'சொல்லலாம்ல'ன்னுதான் கேட்டேன். சொல்லக்கூடாதுன்னு காரணம் கேக்கல." தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். கொஞ்சம் கழித்து அந்தக் கையின் இடுக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "பாதி பாதியா வச்சாராமா? மொத நாள்லேருந்தா?"

நாளைக்கு உள்ளதைச் சொல்வது என்று முடிவானது. காதர் அண்ணனை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

குழுவில் மூன்று பேர். தலைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் வந்துபோன கட்டடங்களுக்குப் பக்கத்தில் பூட்டுக் கடை வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஆய்வகங்களில் பேசிக்கொள்வார்கள். எக்ஸ்ரே படங்களைத் திரையில் போட்டேன்.

"இரண்டு அடுக்குக்கும் வித்தியாசம் இல்லை ஐயா. காரணம், இரண்டும் சாப்பிட்டது ஒரே சாப்பாடு." நடந்ததைச் சொன்னேன். "இந்தப் படங்களை வைத்துப் பிரண்டையைப் பற்றி நல்லதாகவும் சொல்லமுடியாது, கெட்டதாகவும் சொல்லமுடியாது."

தலைவர் பேனாவை மூடினார். மேடம் அந்தப் பேனாவையே பார்த்தார்.

"யார் அந்த ஆள்?" என்றார் தலைவர்.

நான் வாயைத் திறக்குமுன் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. "நான்தாங்க."

வரவேண்டாம் என்று சொன்ன காதர் அண்ணன், வெள்ளைச் சட்டை போட்டு, தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டில் சமோசாவும் இருந்தது. "விருந்தாளி வர்றப்ப வராம இருக்க முடியலங்க," என்றார் எங்களைப் பார்த்து. பிறகு எல்லோருக்கும் ஒரே அளவாக ஊற்றினார். எந்தக் குவளையிலும் ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குழுவில் இருந்த அம்மையார் அந்தக் குவளைகளை மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஆளை மாத்திட்டு வேற ஆளை வச்சு..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"அவரே இருக்கட்டும் ஐயா," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் குவளைகளைப் பார்த்தபோது வாயில் வந்துவிட்டது. மேடம் என் காலை மிதித்தார்.

"ஏன்?" என்றார் தலைவர்.

"இந்தச் சோதனைக்கு வேண்டியதே இரண்டு அடுக்கையும் ஒரே மாதிரி பார்த்துக்கொள்கிற ஆள்தான் ஐயா. வேறு யாராக இருந்தாலும் மருந்து போகிற அடுக்கைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்கள். நானே அப்படித்தான் செய்வேன், எனக்கு அது ஜெயிக்கவேண்டும். இவர் கையில் ஓர வஞ்சனை வராது. எது மருந்து என்று இவருக்குத் தெரியாமல் செய்துவிட்டால் போதும். எனக்கும் தெரியக்கூடாது."

அம்மையார் காதர் அண்ணன் பக்கம் திரும்பினார். "எது எதுன்னு கண்டுபிடிக்கப் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேம்மா. பொய் சொல்லமாட்டேன்," என்றார் அவர். "கண்டுபுடிக்க முடியாத மாதிரி செய்யறது தம்பி பொறுப்பு."

அம்மையார் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. ஒரு சமோசாவை எடுத்துக் கடித்து, மென்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு தொகுதி. ஒண்ணே ஒண்ணு. அப்பவும் குழம்பினா மூடிருவோம்."

அதன்பிறகு எனக்கு வந்த வேலை ஆய்வு வேலையே இல்லை, சமையல் வேலை. இரண்டு உருண்டையும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். நிறத்துக்குக் கீரை போடலாமா என்று யோசித்தோம். கீரை தன் பங்குக்கு ஏதாவது சத்தைக் கொண்டுவந்துவிடும். அதனால் சாயம் மட்டும் போட்டோம். கொண்டுபோய்க் காதர் அண்ணனிடம் நீட்டினேன். கண்ணை மூடி ஒரு முறை மோந்தார்.

"இது பிரண்டை. போங்க தம்பி, போயிட்டு வேற மாதிரி கொண்டாங்க."

இரண்டிலும் ஏலக்காய் தட்டிப் போட்டேன். கண்டுபிடித்துவிட்டார். சீரகம் வறுத்துப் போட்டேன். கொஞ்சம் தயங்கி, அதையும் கண்டுபிடித்துவிட்டார். எத்தனையோ அண்டா பிரியாணிக்கு மூடி திறக்காமலே பதம் சொன்ன மூக்கு அது. கடைசியில் இரண்டையும் சேர்த்துப் போட்டு, மாவையும் லேசாக வறுத்து உருட்டிக் கொண்டுபோனேன். மோந்தார், விரலால் நசுக்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி மோந்தார்.

"தோத்துட்டேன் தம்பி," என்றார். அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

எந்த அடுக்குக்கு எது என்பது மேடத்துக்கு மட்டும் தெரியும், அதை எழுதி ஓர் உறையில் போட்டு ஒட்டிவிட்டார். உருண்டைகளைப் பிசைந்து, அடுக்கின் பெயர் எழுதிய ஜாடியில் போட்டு அவர் தருவார். காதர் அண்ணன் பரிமாறுவார், நான் அளப்பேன். சில நாள் இடைவெளியில் ஒருமுறை அவர் என்னை ஓரங்கட்டுவார்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க தம்பி. எது?"

"எனக்கே தெரியாதுண்ணே."

"ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்ப யாருதான் இங்க வேல பாக்குறது?"

நேர்மையாகச் சொன்னால், நம் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. பதில் என்னவென்றால், யாருக்கும் தெரியாமல் இருக்கும்போதுதான் வேலை ஒழுங்காக நடக்கிறது. நீங்கள் இங்கே கொஞ்ச நாள் இருந்தால் இதை நம்ப ஆரம்பிப்பீர்கள்.

உறையைப் பிரிக்கிற நாளில் குழுத் தலைவரும் வந்திருந்தார். என் அளவுகள் மேசைமேல் இருந்தன. எலும்பின் நீளத்தில் இரண்டு அடுக்குக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அடர்த்தியில் இந்தத் தடவை வித்தியாசம் இருந்தது. பெரிதாக இல்லை, ஆனால் மறைக்க முடியாத அளவுக்கு இருந்தது. ஓர் அடுக்கு சற்றே கெட்டியான எலும்போடு வளர்ந்திருந்தது. அந்த அடுக்குதான் பிரண்டை தின்றதா, இல்லை வெறும் மாவு தின்றதா? வெறும் மாவு என்று வந்தால் நான் பெட்டி கட்டவேண்டும். மேடம் உறையைப் பிரித்து, தலைவரிடமே கொடுத்தார்.

"பிரண்டை, இடது அடுக்கு," என்று படித்தார் தலைவர். என் தாளைப் பார்த்தார். கெட்டியான எலும்பும் இடதுதான்.

யாரும் கை தட்டவில்லை. ஆய்வகத்தில் அதெல்லாம் கிடையாது. "எலிகிட்ட இவ்வளவுதான். மனுசப் பிள்ளைங்களப் பத்தி இதுல ஒண்ணும் எழுதிடாதீங்க," என்றார் தலைவர். "எழுதமாட்டேன் ஐயா," என்றேன். "அப்ப ஆய்வேட்ட எழுதுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார். வீட்டுக்கு என்ன சொல்லலாம் என்று மனசு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தது. உயரம் கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

காதர் அண்ணன் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடதுன்னா, பொண்ணு வீடா?" முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அப்படிப் போடுங்க! பொண்ணு வீட்டுக்குத்தான் இந்தத் தடவ..."

பாதியில் நிறுத்தினார். வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். வலது அடுக்கு எலிகள் மத்தியான நேரமாயிற்று என்று கம்பியோரமாக வந்து நின்றிருந்தன. அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அப்ப, இத்தன நாளும் இவங்களுக்கு நான் போட்டது வெறும் மாவா?"

"ஆமாண்ணே."

"தெரியாமத்தான் போட்டேன், இல்ல தம்பி?"

"தெரியாமத்தாண்ணே. அதுக்குத்தானே அவ்வளவு பாடுபட்டோம்."

அவர் தலையாட்டினார், ஆனால் அங்கிருந்து நகரவில்லை. இடது அடுக்கு ஜாடியில் உருண்டை இன்னும் மீதம் இருந்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். "அதான் சோதனை முடிஞ்சிருச்சேப்பா," என்றார் அவர். ஜாடியை எடுத்துக் காதர் அண்ணன் கையில் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வலது அடுக்கின் முதல் கூண்டருகே போய்க் குனிந்து மூடியைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள," என்றார். "மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் இருக்கு."